சிகாகோ கேங்குகளின் கதையைத் தாராவியில் உட்கார்ந்து தேடுவது எப்படி

எங்கள் கடைக்குச் சாயங்காலம் வரும் பையன்களுக்குச் சிகாகோ கேங்குகளின் பெயர்கள் தண்ணீர் பட்ட பாடு. வைஸ் லார்ட்ஸ், பிளாக் ஸ்டோன்ஸ், கேங்ஸ்டர் டிசைப்பிள்ஸ் என்று வரிசையாக ஒப்பிப்பார்கள். ராப் வீடியோவில் தொப்பி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் எந்த அணி என்றுகூடச் சொல்வார்கள். (அப்படி இடது, வலது என்று கேங்குகள் இரண்டு கூட்டணியாகப் பிரிந்தது தெருவில் இல்லை, சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தின் சிறைகளுக்குள், 1978 வாக்கில். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.) சரி, அந்தக் கூட்டம் முளைத்தது எந்தத் தெரு, அதற்கு முன் அங்கே யார் குடியிருந்தார்கள் என்று கேட்டால் மட்டும் ஆளாளுக்கு மொபைலைத் தடவ ஆரம்பித்துவிடுவார்கள். "அதெல்லாம் யாருக்கு அண்ணாச்சி தெரியும்?"

தெரிந்துகொள்ளலாம். அமெரிக்கா போக வேண்டியதில்லை, பணமும் பெரிதாக ஆகாது.

90 அடி ரோட்டில் ஜெராக்ஸ் எடுத்துத் தருவதும் ஃபாரம் எழுதித் தருவதும் என் தொழில். 1976-ல் குடிசைகளை எண்ணி அரசாங்கம் கொடுத்த போட்டோ பாஸ், பழைய லைட் பில், வாக்காளர் பட்டியல், ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிய ரூம் விற்பனை என்று தினமும் என் கையில் ஏதாவது பழைய காகிதம் இருக்கும். வந்தவர் வாயால் சொல்லும் கதையும் அவர் பையில் இருக்கும் காகிதமும் பல நேரம் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத அந்த இடத்தில்தான் உண்மையான சமாச்சாரம் இருக்கும். சிகாகோவையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். தலைவனின் பெயரை ஓரமாக வைத்துவிட்டு, கதவு எண்ணிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் ஒரு பேட்டை, அதில் ஒரு கதவு

சிகாகோ முழுவதையும் படிக்கப் போனால் மூச்சு முட்டும். 1920-களில் சிகாகோ பல்கலைக்கழகத்துச் சமூகவியலாளர்கள் அந்த நகரத்தைப் பேட்டை பேட்டையாகப் பிரித்து எல்லை போட்டார்கள். இன்று மொத்தம் 77. எல்லைகள் பெரும்பாலும் அப்படியே இருப்பதால் 1930-இன் கணக்கையும் 2020-இன் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். நம் ஊரில் வார்டு எல்லையை ஒவ்வொரு தேர்தலுக்கும் மாற்றிக்கொண்டிருப்பதை நினைத்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

77-ல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நார்த் லான்டேல், நகரத்தின் மேற்குப் பக்கம். வைஸ் லார்ட்ஸ் வளர்ந்த பேட்டை.

அடுத்தது விலாசம். சிகாகோவில் ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் வெட்டும் முனைதான் பூஜ்யம். அங்கிருந்து நாலு திசைக்கும் எண்கள் ஏறும். மேற்கே போனால் ஒரு மைலுக்கு 800 எண். இந்த முறை 1909-ல் வந்தது, நகர மையத்துக்கு மட்டும் 1911-ல். அதற்கு முந்தைய செய்தித்தாளிலோ ஆவணத்திலோ ஒரு விலாசம் கிடைத்தால் அதை அப்படியே மேப்பில் அடிக்காதீர்கள், வேறு தெருமுனையில் கொண்டுபோய் நிறுத்திவிடும். பழைய எண்ணுக்குப் புதிய எண் சொல்லும் பட்டியலை அப்போதே அச்சிட்டார்கள். ஸ்கேன் செய்த பிரதி இணையத்தில் கிடைக்கிறது.

ஒரு விலாசத்தை வைத்துப் பழகிப் பாருங்கள்: 1550 சவுத் ஹேம்லின் அவென்யூ. ஹேம்லின் என்பது மேற்கே 3800. அதாவது பூஜ்யத்திலிருந்து கால் மைல் குறைய ஐந்து மைல், நம் கணக்கில் ஏழரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1550 என்பதால் 15-ஆம் தெருவுக்கும் 16-ஆம் தெருவுக்கும் நடுவில், 16-க்கு நெருக்கமாக. 1966 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் குடும்பத்தோடு வாடகைக்குக் குடிவந்த வீடு இது. கறுப்பின மக்கள் எப்படிப்பட்ட வீடுகளில் அடைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று ஊருக்குக் காட்டவே அங்கே வந்தார். வீட்டுக்கு வரப்போவது யார் என்று தெரிந்ததும் அவசர அவசரமாகப் பெயின்ட் அடித்தார்கள். அக்கம்பக்கத்துக் கேங் பையன்களை அந்த வீட்டுக்கே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார் கிங். ஏன் அவர்கள் அவ்வளவு கிட்டத்தில் இருந்தார்கள்? 16-ஆம் தெருதான் வைஸ் லார்ட்ஸின் தெரு. ஒரு கதவு எண் இவ்வளவு சொல்லும்.

வரைபடமும் கணக்கெடுப்பும்

1930-களில் அமெரிக்க மத்திய அரசின் வீட்டுக் கடன் அமைப்பு ஒன்று பெரிய நகரங்களுக்கெல்லாம் கலர் மேப் போட்டது. கடன் கொடுக்கப் பாதுகாப்பான இடம் பச்சை, பிறகு நீலம், மஞ்சள், கடைசியாக ஆபத்தான இடம் சிவப்பு. ரிச்மண்ட் பல்கலைக்கழகம் அவற்றையெல்லாம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. எல்லோரும் கலரைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு பகுதிக்கும் மதிப்பீட்டாளர் நிரப்பிய ஒரு பக்க ஃபாரம் பின்னால் இருக்கும், அதைத் திறந்து படியுங்கள். வெளிநாட்டில் பிறந்தவர்கள் எத்தனை சதவீதம், கறுப்பினத்தவர் இருக்கிறார்களா, புதிதாக யார் நுழைந்துகொண்டிருக்கிறார்கள் என்று தனித்தனிக் கட்டம். ஆயுள் முழுக்க ஃபாரம் நிரப்பிக் கொடுத்தவன் என்பதால் சொல்கிறேன், ஒரு அதிகாரிக்கு என்ன பயம் என்பது அவர் போட்டிருக்கும் கட்டங்களிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் மக்கள்தொகைக் கணக்கு. அமெரிக்காவில் கணக்கெடுப்பின் கையெழுத்துத் தாள்களை 72 ஆண்டுகள் கழித்து வெளியே விடுவார்கள். 1950-இன் தாள்கள் 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி வந்துவிட்டன. அவர்களின் தேசிய ஆவணக்காப்பகத் தளத்தில் பெயர் போட்டும் தேடலாம். ஆனால் கையெழுத்தை இயந்திரம் படித்துப் போட்ட பெயர்கள் என்பதால் ஏகப்பட்ட தப்பு இருக்கும். அதனால் பெயரை விட்டுவிட்டு, கணக்கெடுப்பு வட்டத்தின் மேப்பைப் பார்த்து உங்கள் தெரு எந்த வட்ட எண்ணில் வருகிறது என்று கண்டுபிடியுங்கள். பிறகு அந்த வட்டத்தின் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். முதல் கட்டத்தில் தெரு, அடுத்ததில் வீட்டு எண், அப்புறம் பெயர், வயது, பிறந்த இடம், வேலை. லான்டேலின் தாள்களில் பெரியவர்கள் பலர் பிறந்த இடம் ரஷ்யா, போலந்து என்று வரும். யூதக் குடும்பங்கள். மிசிசிப்பியில் பிறந்தவர்கள் அங்கங்கே தென்படுவார்கள்.

அடுத்த பத்தாண்டில் நடந்ததைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1950-ல் நார்த் லான்டேலில் கறுப்பினத்தவர் 13 சதவீதம். 1960-ல் 91 சதவீதம். மொத்த மக்கள்தொகை குறையவில்லை, கூடி ஏறக்குறைய 1,25,000 ஆனது. ஒரு பேட்டை முழுக்க ஆள் மாறி, மேலும் நெரிசலாகிவிட்டது. இன்று அங்கே இருப்பவர்கள் சுமார் 35,000 பேர்.

எப்படி மாறியது? புரோக்கர்கள் வெள்ளையர் வீட்டுக் கதவைத் தட்டி, "கறுப்பர்கள் வருகிறார்கள், இப்போதே விற்றுவிடுங்கள், அப்புறம் விலை போகாது" என்று பயமுறுத்தி அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள். அதே வீட்டை இரண்டு மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேலே வைத்துக் கறுப்பினக் குடும்பத்துக்கு விற்றார்கள். அந்தக் குடும்பங்களுக்கு வங்கிக் கடன் கிடையாது, ஏனென்றால் 1934-ல் தொடங்கிய மத்திய அரசின் கடன் உத்தரவாதம் இந்த மாதிரிப் பேட்டைகளை ஒதுக்கிவைத்திருந்தது. ஆகவே விற்றவரிடமே தவணை. கடைசித் தவணை கட்டும் வரை பத்திரம் அவர் கையில். ஒரு மாதம் தவறினால் வீடும் போச்சு, அதுவரை கட்டிய பணமும் போச்சு. புருஷன் இரண்டு ஷிஃப்ட், பெண்டாட்டியும் வேலைக்கு, மேல் அறையை உள்வாடகைக்கு விடுவது என்று குடும்பங்கள் அல்லாடின. தாராவியில் ரூம் வாங்கிவிட்டுப் பவர் ஆஃப் அட்டர்னி காகிதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 1968-ல் லான்டேல்காரர்கள் சங்கம் சேர்ந்து, தவணை கட்ட மாட்டோம் என்று நின்றார்கள். கான்ட்ராக்ட் பையர்ஸ் லீக் என்று தேடுங்கள், நிறையக் கிடைக்கும்.

இப்போது பையன்களுக்கு ஒரு கேள்வி வைப்பேன். அப்பா அம்மா இரண்டு பேரும் ராப்பகலாக வேலை, பள்ளிக்கூடத்தில் இடம் இல்லை, தெரு முழுக்கப் புதுப் பையன்கள். என்ன நடக்கும்?

அப்புறம்தான் கேங்

வைஸ் லார்ட்ஸ் 1958-ல் உருவானது. தெருவில்கூட இல்லை, செயின்ட் சார்ல்ஸில் இருந்த சிறுவர் சீர்திருத்தப் பள்ளியில், லான்டேல் பையன்கள் சேர்ந்து தொடங்கியது. வெளியே வந்து 16-ஆம் தெருவைப் பிடித்தார்கள். 1967-ல் அதே கூட்டம் கன்சர்வேட்டிவ் வைஸ் லார்ட்ஸ் என்று சட்டப்படி ஒரு நிறுவனமாகவே பதிவு செய்துகொண்டது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையிடமிருந்து நிதி வந்தது. பையன்களுக்கு டீன் டவுன் என்று ஒரு ஐஸ்கிரீம் கடை, ஆப்பிரிக்கன் லயன் என்று ஒரு துணிக்கடை, தற்காலக் கலை அருங்காட்சியகத்தோடு சேர்ந்து ஒரு ஓவியக்கூடம். தெருவில் கிடந்த கண்ணாடிச் சில்லைப் பெருக்கிவிட்டுப் புல் நட்டார்கள். இதைப் படித்துவிட்டு உடனே அவர்களைச் சமூக சேவகர்கள் என்று எழுதிவிட வேண்டாம். அதே பெயரில் கப்பம் வாங்கியதும் துப்பாக்கி எடுத்ததும் நின்றுவிடவில்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதப் பழகுவதுதான் இந்த வேலையில் கஷ்டமான பகுதி.

1969-ல் மேயர் ரிச்சர்ட் டேலியும் அரசு வழக்கறிஞர் எட்வர்ட் ஹன்ரஹானும் கேங்குகள் மீது போர் என்று அறிவித்தார்கள். நிதியும் வற்றியது. லான்டேலில் தலைமையகம் வைத்திருந்த சியர்ஸ் என்ற பெரிய கடைக் கம்பெனி 1970-களில் நகர மையத்தில் கட்டிய வானளாவிய கட்டடத்துக்குப் போய்விட்டது. 1968 ஏப்ரலில் கிங் கொல்லப்பட்டபோது மேற்குச் சிகாகோவில் எரிந்த கடைத்தெருக்களில் பல திரும்பக் கட்டப்படவே இல்லை.

டேலி பெயர் வந்ததால் ஒரு முக்கியமான வேலை சொல்கிறேன். எந்தக் கேங்கைப் பற்றி எழுதினாலும், அதே ஊரில் அதற்கு ஐம்பது வருஷம் முன்னால் யார் இந்த வேலையைச் செய்தார்கள் என்று தேடுங்கள். 1919 ஜூலை 27, மிச்சிகன் ஏரிக்கரை. 29-ஆம் தெரு அருகே, வெள்ளையர் தங்களுக்கென்று வைத்திருந்த தண்ணீர்ப் பக்கம் மிதந்துபோன யூஜீன் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினப் பையன் மீது கல் எறிந்தார்கள், அவன் மூழ்கி இறந்தான். தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் செத்தார்கள், 23 கறுப்பர், 15 வெள்ளையர். விசாரணைக் குழுவின் அறிக்கை 1922-ல் வந்தது, முழுசாக இணையத்தில் படிக்கலாம். கலவரத்தை வளர்த்ததற்கு அது முக்கியமாகக் கைநீட்டுவது விளையாட்டு கிளப் என்ற பெயரில் இயங்கிய வெள்ளைப் பையன்களின் கும்பல்களை. அவை இல்லாதிருந்தால் முதல் மோதலோடு அடங்கியிருக்குமோ என்றுகூட எழுதியிருக்கிறது. ரேகன்ஸ் கோல்ட்ஸ் என்ற கும்பலுக்குக் காசு கொடுத்தவர் பதவியில் இருந்த ஒரு அரசியல்வாதி. பிரிட்ஜ்போர்ட் என்ற ஐரிஷ் பேட்டையின் ஹாம்பர்க் கிளப்பும் அந்த ரகம்தான். அந்தக் கிளப்பில் சின்ன வயதில் சேர்ந்து 1924-ல் தலைவரானவர், பின்னால் 1955 முதல் 1976 வரை மேயராக இருந்த அதே ரிச்சர்ட் டேலி. கலவரத்தில் அவர் இருந்தார் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை, அதையும் சேர்த்தே எழுத வேண்டும். ஆனால் ஐரிஷ் பையன்களின் கிளப்புக்கு வார்டு ஆபீஸ், போலீஸ் வேலை, நகரசபை என்று மேலே ஏற ஒரு படிக்கட்டு இருந்தது. லான்டேல் பையன்களுக்கு அது இல்லை.

1927-ல் ஃபிரெடெரிக் த்ராஷர் என்ற ஆய்வாளர் சிகாகோவில் 1,313 கேங்குகளைக் கணக்கெடுத்தார். பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். அடுத்து கிளிஃபோர்ட் ஷாவும் ஹென்றி மெக்கேயும் சிறுவர் நீதிமன்றப் பதிவுகளைப் பல பத்தாண்டுகளுக்கு மேப்பில் புள்ளி வைத்துப் பார்த்தார்கள். ஒரு பேட்டையில் முதலில் ஐரிஷ், பிறகு போலிஷ், பிறகு இத்தாலியர் என்று ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் புள்ளிகள் அதே இடத்தில்தான் விழுந்தன. "அந்த ஜாதிக்காரனே அப்படித்தான்" என்று பேசுகிறவர்களிடம், சிகாகோ ஆனாலும் சரி நம் பக்கத்துச் சயான் ஆனாலும் சரி, நான் காட்டுவது இந்த மேப்பைத்தான்.

எதை நம்புவது

போலீஸ் பட்டியலை வேதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிகாகோ போலீஸின் கேங் பட்டியல்களில் 1,34,000-க்கும் அதிகமான பேர் இருந்தார்கள் என்றும், அதில் பிழைகள் மலிந்திருக்கின்றன, ஒருவர் தன் பெயரை நீக்கக் கேட்கவும் வழியில்லை என்றும் அந்த நகரத்தின் சொந்தத் தணிக்கை அதிகாரியே 2019-ல் அறிக்கை கொடுத்தார். நகரம் வெளியிடும் குற்றத் தரவு 2001-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அதில் வீட்டு எண் இருக்காது, தெருத் துண்டு மட்டும்தான். அதற்கு மேல் நோண்டவும் வேண்டாம்.

வீடியோவில் பாடுகிறவன் சொல்வதைச் சாட்சியாக எடுக்காதீர்கள். அவன் விற்பது பாட்டு.

வயதானவர்களின் பேட்டிகள் நிறையப் பதிவாகியிருக்கின்றன. லிங்கன் பார்க்கில் யங் லார்ட்ஸ் என்ற போர்ட்டோரிக்கோ கேங் 1968-ல் அரசியல் இயக்கமாக மாறியதே, அது சம்பந்தப்பட்ட சேகரிப்பு டிபால் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நல்ல பொக்கிஷம். ஆனால் கேட்கும் விதம் தெரிய வேண்டும். இங்கே பெரியவர்களிடம் பம்பாய் தாதா வரதராஜ முதலியாரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் சினிமாக் காட்சியையே கண்ணால் கண்டதாகச் சொல்வார்கள். பொய் சொல்லவில்லை, நினைவு அப்படிக் கலந்துவிட்டது. நான் வேறு கேள்வி கேட்பேன்: "மாமா, அப்போ தண்ணி எந்தக் குழாயில பிடிச்சீங்க? ரூமுக்கு வாடகை யார் வந்து வாங்கினாங்க? ராத்திரி எந்தச் சந்துல போகக்கூடாதுன்னு அம்மா சொல்வாங்க?" சினிமாவுக்குத் தெரியாத பதில்கள் அப்போதுதான் வரும். சிகாகோப் பேட்டிகளைக் கேட்கும்போதும் அந்த மாதிரி வாக்கியங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வாடகை, பஸ், பள்ளிக்கூட வாசல், எந்தப் பாலத்தைத் தாண்டினால் அடி விழும் என்பது.

உயிரோடு இருப்பவர்களின் பெயரை நீங்களாக எழுதி வெளியிடாதீர்கள். 1950-இன் தாளில் மூன்று வயதுக் குழந்தையாக இருப்பவருக்கு இன்று எழுபதுக்கு மேல்தான் ஆகிறது. நீதிமன்றத் தீர்ப்பில் பெயர் இருக்கிறதே என்று கேட்கலாம். தலைமை ஆட்கள் சரி, தெருமுனையில் நின்ற பையனுக்கு அது வேண்டாம்.

காரணம் ஒன்றே ஒன்று என்று எழுதும் ஆளிடமும் ஜாக்கிரதை. ஸ்டேட் தெருவில் 16 மாடி வைத்து 28 கட்டடங்கள் வரிசையாக நின்ற ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ் என்ற அரசுக் குடியிருப்பு 1962-ல் முடிந்து, 2007-க்குள் முழுக்க இடிக்கப்பட்டது. அதே சமயத்தில் பெரிய கேங்குகளின் தலைவர்கள் மத்திய அரசு வழக்குகளில் சிறைக்குப் போனார்கள். அதன் பிறகு பெரிய அமைப்புகள் உடைந்து, ஒரு தெருவுக்கு ஒரு சின்னக் கூட்டம் என்று ஆனது. இடித்ததாலா, சிறைப்பிடித்ததாலா என்று கேட்டால் இரண்டும்தான். தாராவியில் கதவுக்குக் கதவு சர்வே எண் எழுதியிருக்கிற இந்தக் காலத்தில் நம் பையன்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவைக்க வேண்டும் என்பது என் ஆசை.

சிகாகோவில் கை பழகிவிட்டால் அதே வரிசையை இங்கே போட்டுப் பாருங்கள். 1949-இன் பம்பாய் மதுவிலக்குச் சட்டம், சதுப்பு நிலம், கள்ளச்சாராய அடுப்பு, அதற்கப்புறம் வரதா பாய், அதாவது அதே வரதராஜ முதலியார். விக்டோரியா டெர்மினஸில் சுமை தூக்கியவர், 1988-ல் சென்னையில் இறந்தார். பாந்த்ராவின் இறைச்சிக்கூடம் 1971-ல் தேவ்னாருக்குப் போனபோது இங்கே தோல் ஷாப்புகளுக்கு என்ன ஆனது, 1982 மில் ஸ்டிரைக்குக்குப் பிறகு மில் பேட்டையான லால்பாக் பையன்கள் எங்கே போனார்கள் என்று தொடரலாம். மாநில ஆவணக்காப்பகம் கோட்டைப் பகுதியில் எல்ஃபின்ஸ்டன் கல்லூரிக் கட்டடத்திலேயே இருக்கிறது. அடையாள அட்டையோடு போங்கள், பென்சில் கொண்டுபோங்கள்.

கடைசியாக, மாட்டிக்கொண்டால் யாரைக் கேட்பது? நூலகரை. சிகாகோ பொது நூலகத்தின் உட்சன் கிளையில் விவியன் ஹார்ஷ் சேகரிப்பு என்று கறுப்பின வரலாற்றுக்கே தனிப் பிரிவு இருக்கிறது. ஈமெயில் போடுங்கள். "சிகாகோ கேங் பற்றித் தகவல் வேண்டும்" என்று எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. தெரு எண், ஆண்டு, இதுவரை நீங்கள் பார்த்த காகிதம் எது என்று மூன்று வரியில் எழுதி, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். போனில் பேசுவதென்றால் குளிர்காலத்தில் நம் ராத்திரி எட்டரை அவர்களுக்குக் காலை ஒன்பது, கோடையில் நம் ஏழரை.